ரப்பர் தேய்ந்த ஐஸ்பெட்டி

அக்கா இருக்கும் இடத்தில் ஏதாவது உடைந்தால், தொலைந்தால், கெட்டுப்போனால், மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்குள் அவர் வாயிலிருந்து "நான்தான்" என்று வந்துவிடும். "நான்தான் அங்க வெச்சேன்." "நான்தான் சரியா மூடல." "நான்தான் சொல்ல மறந்துட்டேன்லா." பாதி நேரம் அவர் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டார்.

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எங்கள் லைனில் இதை வைத்தே அவரைக் கேலி செய்வார்கள். ஒருநாள் வேலை விட்டு வெளியே வந்தால் கொட்டுகிற மழை. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருத்தி சொன்னாள்: "அக்காவக் கேளுங்கலா. அவங்கதான் பைப்பத் தொறந்து விட்டிருப்பாங்க."

"ஆமா, நான்தான்," என்றார் அக்கா. "கொட எடுத்துட்டு வராதது மட்டும் ஒங்க தப்பு."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். உடனே கையால் வாயை மூடிக்கொள்வார். ஒல்லியான ஆள். தலைமுடியைத் தூக்கி ஒரு கிளிப் போட்டிருப்பார், அது எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம். ஒரு தட்டு நிறைய சிப்ஸ் கையிலிருந்து நழுவிக் கீழே கொட்டிவிட்டது. லைன் லீடர் பெரிய குரல் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். அக்கா அடுத்த ஸ்டூலில் இருந்தார். "நான்தான் அவ முட்டியில இடிச்சிட்டேன்," என்றார். அவருக்கு வார்னிங் லெட்டர் வந்தது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேண்டீனில் மீ நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்தபோது கேட்டேன்.

"நீ புதுசு. ஒன்ன அனுப்பிடுவாங்க. எனக்கு லெட்டர்தானே, மடிச்சு வெச்சுக்கலாம். மீ ஆறிடப்போகுது, சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். லைன் லீடரிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அப்படி நடந்தது. "நான்தான்" என்று சொல்வது அவருக்குப் பழக்கம். சொல்லட்டும் என்று விட்டுவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அவருக்கு ஊர் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு எஸ்டேட். அப்பா இல்லை, அம்மா மட்டும். குளுகோரில் ஒரு சீனப் பாட்டி வீட்டின் பின்கட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். ஒரு அறை, ஒரு அடுப்பு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. பாட்டி கொடுத்த பழைய ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டி ஒன்றும் இருந்தது. கதவின் ரப்பர் ஓரத்தில் தேய்ந்து, கொஞ்சம் அழுத்தித்தான் சாத்தவேண்டும்.

அங்கே குடிபோன கொஞ்ச நாளில் அக்கா ஃபேக்டரியை விட்டார். அவர் பள்ளியில் ஐந்தாம் பாரம் வரை பாஸ். யூனிவர்சிட்டியில் லேப் அட்டெண்டண்ட் வேலை கிடைத்தது. முதலில் போத்தல் கழுவும் வேலைதான். பிறகு ஒரு மலாய்க்கார டாக்டர் அம்மா அவரைத் தன் லேப்புக்கு எடுத்துக்கொண்டார். நோய் பார்க்கிற டாக்டர் இல்லை, படிப்பில் டாக்டர். கடலில் இருக்கும் டால்பின்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். கரை ஒதுங்கும் டால்பின் பிணத்திலிருந்து தோலில் ஒரு துண்டு எடுத்து, ஐஸில் வைத்து, அதற்குள்ளிருந்து டிஎன்ஏ எடுப்பது. துண்டு எடுத்துக்கொண்டு வருவது அக்காவின் வேலை. அவருடைய பழைய ஹோண்டா மோட்டார் சைக்கிளில் போவார். திரும்பி வரும்போது வீட்டுப் பூனைகள் எல்லாம் பின்னாலேயே வரும்.

"செத்துப்போன மீனு தோல வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணுவீங்க?"

"மீனு இல்ல பிள்ள. அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"அப்ப ஆடா?"

"ஆமா. தண்ணி ஆடு." வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு தன் அடையாளக் கார்டை எடுத்துக் காட்டினார். "இந்த நம்பரப் பாத்தா நீ எந்த ஸ்டேட்டுல பொறந்தன்னு தெரியுதில்ல? அதுக்குத் தோலுக்குள்ளயே நம்பர் இருக்கு. எந்தக் கூட்டத்துல பொறந்துச்சு, தாய் யாரு, எல்லாம் இருக்கு. வெளிநாட்டுல திமிங்கலத்துக்கே இப்படித்தான் பாக்குறாங்களாம். நகத்தளவு தோலு போதுமாம்."

"தெரிஞ்சு?"

"இங்க நம்ம கரையோரமா உருண்டைத் தலையோட ஒரு கூட்டம் சுத்துதுலா. அது தனிக் கூட்டமா, இல்ல தூரத்துல இருக்கிற பெரிய கூட்டத்தோட சேந்ததான்னு தெரியணும். சேந்ததுன்னா, இங்க நாலு செத்தா அங்கேர்ந்து நாலு வரும்னு விட்டுருவாங்க. தனின்னா, இது செத்தா இதோட சரி. அத டாக்டர் எழுதிக் காட்டுனாத்தான் அந்த எடத்துல வல போடாதீங்கன்னு ஆபீசுல போய்ப் பேச முடியும்."

எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. ஆனால் அவர் இதைச் சொல்லும்போது ஃபேக்டரியில் பார்த்த ஆள் மாதிரியே இருக்கமாட்டார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். பாலிக் புலாவ் தாண்டி ஒரு மீனவக் கம்பம், கடலோரக் கிராமம். ஒரே வலையில் தாயும் குட்டியும் சிக்கிச் செத்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. நாங்கள் போனபோது கரையில் யாரும் இல்லை. கோணியைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வலைக்காரர், வயதான மலாய்க்காரர், வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. யூனிவர்சிட்டி ஆட்கள் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார்.

அக்கா அவர் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றார். "பாக் சிக், நான்தான் லேட்டு," என்று மலாயில், மாமா முறை வைத்துச் சொன்னார். "போன மாசமே வந்து இந்தப் பக்கம் அதுங்க சுத்துதுன்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். என் தப்பு."

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவர் இறங்கி வந்தார். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வலையில் என்று எல்லாவற்றையும் சொன்னார். குட்டி வலைக்கு வெளியேதான் இருந்ததாம். தாயை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து அதுவும் மாட்டிக்கொண்டதாம். அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து தாயிலிருந்து ஒரு துண்டு, குட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சின்னக் குழாய்களில் போட்டுப் பென்சிலால் எழுதினார்.

மோட்டாரில் திரும்பும்போது கேட்டேன்: "நீங்க எங்கக்கா லேட்டு? நமக்கு எப்படித் தெரியும்?"

"யாராச்சும் ஒருத்தர் மேல தப்புன்னு ஆயிட்டா மத்தவங்க பேசுவாங்கலா. இல்லன்னா எல்லாரும் பொதச்சு வெச்சிருவாங்க."

அது உண்மைதான். அவரிடம் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. தெலுக் கும்பாரிலிருந்து ஃபோன் வரும், பாத்து மாவுங்கிலிருந்து ஃபோன் வரும். சீனப் பாட்டி வாசலில் நின்று கத்துவார்: "ஏய், உன் மீன் செத்துப்போச்சாம்!" மூன்று வருஷத்தில் அப்படிச் சேர்த்த துண்டுகள் எல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் அடங்கிவிட்டன.

நான் ஒருத்திதான் அவரிடம் ஒளித்தேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். ஜுருவில் கார் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் என்னைப் பிடிக்கும். அவர் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவேண்டும் என்றுதான் வேண்டுதல். வீட்டில் கவிச்சி கிடையாது. சட்டி, கரண்டி எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியாயிற்று. ஐஸ்பெட்டியை மஞ்சள் தண்ணீரால் துடைத்துவிட்டேன்.

விரதம் பாதி போனபோது அக்கா டப்பாவோடு வந்து நின்றார். லேப்பை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், பெரிய ஃப்ரீசருக்கு இரண்டு வாரம் கரண்ட் கிடையாது.

"ஒனக்கு வெரதம்னு தெரியும் பிள்ள. வேற எடத்துல கேட்டுப் பாத்தேன், எடமில்லங்கிறாங்க. மேல ஐஸ் அறைக்குள்ள மட்டும் வெச்சுக்கிறேன். ஏழு பிளாஸ்டிக் சுத்திட்டேன். வேணாம்னா சொல்லு, நான் வேற பாக்குறேன்."

"பரவால்லக்கா, வைங்க," என்றேன். அவர் எனக்காக எத்தனை செய்திருக்கிறார்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா தன் அம்மாவைப் பார்க்க எஸ்டேட்டுக்குப் போனார். போகும்போது, "ரப்பர் தேஞ்சிருக்கு, அழுத்திச் சாத்து," என்று மட்டும் சொன்னார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் பால்காரர் பால் கொண்டுவந்து கொடுத்தார். அதை ஐஸ்பெட்டியில் வைக்கக் கதவைத் திறந்தேன். மேலே டப்பா. கீழே முருகனுக்குப் போகிற பால். எனக்குக் கை போகவில்லை. அந்தத் தாயும் குட்டியும் கோணிக்கு அடியில் கிடந்தது கண்ணில் வந்தது. பிணம் இருக்கிற பெட்டியில் பால் வைத்தால் வேண்டுதல் எப்படிப் பலிக்கும் என்று நினைத்தேன். ஏழு பிளாஸ்டிக் சுற்றினாலும் பிணம் பிணம்தானே.

டப்பாவை எடுத்தேன். மீன்காரர் போட்டுவிட்டுப் போன வெள்ளை ஃபோம் பெட்டி ஒன்று பின்பக்கம் கிடந்தது. காப்பிக்கடையில் ஐஸ் வாங்கி வந்து நிரப்பி, டப்பாவை நடுவில் புதைத்து, மூடி போட்டு, மேலே ஒரு கல் வைத்தேன். நாளை மத்தியானம் வந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிடலாம். குளித்துவிட்டு வந்து பாலை உள்ளே வைத்தேன். மனசு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடத்தோடு நடந்தேன். வெயில், கூட்டம், தேங்காய்ச் சிதறல் காலில் குத்தியது. படியேறி இறங்கி வந்தபோது எனக்குப் பிடித்தவருடைய அம்மா தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அதுவரைக்கும் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. "காலு வீங்கியிருக்கே, எங்ககூட வா, தங்கச்சி வீடு இங்கதான் ஆயர் ஈத்தாம்ல," என்றார். போனேன். சாப்பாடு போட்டார்கள். அவருடைய சித்தி என் காலுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

இதை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. மறந்துபோனேன் என்று எழுதினால் லேசாக இருக்கும். நான் மறக்கவில்லை. சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. ஐஸ் இந்நேரம் கரைந்திருக்குமே என்று நன்றாகவே நினைத்தேன். அப்போது அந்த அம்மா, "இன்னிக்கு இங்கயே படுத்துக்க, காலையில போலாம்," என்றார். இல்லை, போகணும் என்று சொன்னால் எங்கே முகம் மாறிவிடுமோ என்று பயம். சரிங்கம்மா என்றேன். கொஞ்சமாவது ஐஸ் மிச்சமிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையிலும் உடனே கிளம்பவில்லை. பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, அவர்களோடு மத்தியானமும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். ஐஸ் ஒரு துண்டும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பா மிதந்துகொண்டிருந்தது. குழாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே எல்லாம் கொழகொழவென்று இருந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து, புதுப் பிளாஸ்டிக் ஏழு சுற்றி, மேல் அறையில் வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினேன். அடுத்த நாள் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி உறைந்திருந்தது. பார்த்தால் முன்பு இருந்த மாதிரியேதான். அப்பாடா என்று இருந்தது.

அக்கா வந்தார். பிரசாதம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். "நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுதுக்கா," என்றேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். லேப்பில் அந்தத் துண்டுகளின் டிஎன்ஏவைப் பிடித்த கறுப்புப் படம்.

"நல்லதா இருந்தா கோடு மாதிரி நிக்கும் பிள்ள. இங்க பாரு. கண்ணு மை கலஞ்சு வழிஞ்ச மாதிரி இருக்கு. ஒண்ணுகூட நிக்கல. எல்லாம் கெட்டுப்போச்சு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ இருந்தப்ப கரண்டு போச்சா?"

"இல்லக்கா."

அது பொய் இல்லை. கரண்ட் போகவில்லைதான். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைப் பற்றி எத்தனை நாள் யோசித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அதற்கு அடுத்த வார்த்தையையும் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான்," என்றார். "ஊருக்குப் போற அவசரத்துல சரியா சாத்தல. ரப்பர் தேஞ்சிருக்குன்னு ஒனக்குச் சொன்னேன். நான் பாத்தனா?"

மறுவாரம் எங்கிருந்தோ புது ரப்பர் வாங்கி வந்து அவரே உட்கார்ந்து ஒட்டினார். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். கதவு அதற்கப்புறம் விரல் வைத்தாலே சாத்திக்கொண்டது.

அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாரே, அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். பின்பக்கம் அந்த ஃபோம் பெட்டியும் கல்லும் கிடந்தன. பார்க்காமலா இருப்பார்? தெரிந்துகொண்டுதான் வழக்கம்போல எனக்காகத் தாங்கிக்கொள்கிறார். அவர் குணம் அது. இப்படி நினைத்துக்கொண்டதால் என்னால் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட முடிந்தது. அந்த வருஷமே எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா என் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தார்.

அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஃபோன் வந்தால்தான் போவார். இப்போது லீவு நாளெல்லாம் தானாகவே கிளம்பிவிடுவார். கம்பம் கம்பமாகப் போய், வீட்டு வாசலில் நின்று, ஏதாவது ஒதுங்கிச்சா என்று கேட்பார். முகம் கறுத்து, இன்னும் ஒல்லியாகிவிட்டார்.

"ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்கக்கா."

"கெடுத்தவதானே திருப்பி வெக்கணும்."

நான் எழுந்து உள்ளே போனேன்.

வருஷக் கடைசி. மழை. பாலிக் புலாவ் பக்கமிருந்து தகவல் வந்து காலையிலேயே போனவர், திரும்பும்போது மலைப்பாதை வளைவில் மோட்டார் சறுக்கி, எதிரே வந்த மண் லாரிக்கு அடியில் போய்விட்டார். அங்கேயே முடிந்துவிட்டது. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மழைக்கோட்டுப் பையில் ஐஸ் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலும் அதற்குள் ஒரு குழாயும் உடையாமல் இருந்தனவாம். போலீஸ் அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயா தள்ளிவுட்ட? லாரிக்காரன் வந்தான், மழ பேஞ்சுச்சு. வுடுலா," என்றார். அவர் நல்ல மனுஷன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு உதவவில்லை. எனக்கு உதவியது ஒன்றே ஒன்றுதான். அக்காவுக்குத் தெரியும், தெரிந்து மன்னித்துவிட்டார் என்ற நினைப்பு.

போன மாதம் சுங்கை பாக்காப் போய் அக்காவின் அம்மாவைப் பார்த்தேன். காரியத்துக்குப் பிறகு நான் போகவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அவ எல்லாத்துக்கும் நான்தான் நான்தான்னு நிப்பா, தெரியுமில்ல?" என்றார் அம்மா.

"தெரியும்மா. எனக்காகவே எத்தனையோ தடவ."

"தெரியும். ஒம்பேரு ரெண்டு மூணு தடவ வந்திருக்கு." அம்மா சிரித்தார். "வெளியதான் அப்படி. வீட்டுக்கு வந்தா எங்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிருவா. இத அவ செஞ்சா, அத இவ செஞ்சா, நான் தாங்கிக்கிட்டேன்னு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நானும் ஏசுவேன், நீ என்ன ஊருக்கு எல்லாம் சொமதாங்கியான்னு."

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஐஸ்பெட்டி வெசயம் ஒண்ணுதான் நெசமாவே அவ செஞ்சது. அன்னிக்கு வந்து எம்மடியில படுத்து அழுதா பாரு. அப்பா செத்தப்பகூட அப்படி அழுவல. மூணு வருசத்த நானே கெடுத்துட்டம்மா, அந்தத் தாயும் புள்ளையும் திரும்ப வராதும்மான்னு. கதவச் சாத்துனனா இல்லியான்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர்லம்மான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அங்க லேப்லயும் எழுதிக் குடுத்துட்டாளாம். அப்புறம்தான் லீவுன்னா லீவுன்னு மோட்டார எடுத்துக்கிட்டுக் கெளம்புனது."

அவருக்குத் தெரியவே இல்லை. என் முகத்தைப் பார்த்தவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. சாத்திய கதவைச் சாத்தவில்லை என்று நம்பிக்கொண்டே செத்துப்போயிருக்கிறார்.

"அம்மா," என்றேன். "அவங்க இல்லம்மா. கதவு சாத்தித்தான் இருந்துச்சு. டப்பாவ எடுத்து வெளிய வெச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பால், ஃபோம் பெட்டி, மோர், சாப்பாடு, எதையும் விடவில்லை. அம்மாவின் கை நின்றுவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அவகிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பான்னு நெனச்ச?"

நான் என் கையிலிருந்த கொத்தைச் சுளகில் வைத்தேன்.

"ஏசியிருப்பா. ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிருப்பா. மூணாவது நாளு எங்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சிருப்பா. அம்புட்டுத்தான் பிள்ள. அம்புட்டுத்தானே."

அம்மா எழுந்து சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் போகலாமா, இருக்கவேண்டுமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"எம்மக கவனமில்லாதவன்னு அங்க எழுதி வெச்சிருக்காங்கல்ல? அத மாத்திட்டு வா. அதுக்கு முன்ன இந்த வாசல்ல வராத."

திங்கட்கிழமை லீவு போட்டு யூனிவர்சிட்டிக்குப் போனேன். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். அக்கா கடைசியாகக் கொண்டுவந்த துண்டு நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

"அது போதுமா டாக்டர்? தனிக் கூட்டம்னு சொல்ல முடியுமா?" என்று மலாயில் கேட்டேன்.

"போதாது. இன்னும் நெறைய வேணும். அவங்க மாதிரி அலையறதுக்கு ஆள் இல்ல."

பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். என் மலாய் அவ்வளவு நன்றாக இருக்காது. நடுவில் அழுகை வேறு. டாக்டர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வெளியே எடுத்தேன், எத்தனை மணிக்குத் திரும்ப வைத்தேன், தண்ணீர் உள்ளே போயிருந்ததா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் மாறவில்லை.

அலமாரியிலிருந்து ஒரு ஃபைல் எடுத்தார். அதில் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தது. என் கவனக்குறைவு, ஐஸ்பெட்டிக் கதவைச் சரியாக மூடாமல் சென்றுவிட்டேன் என்று மலாயில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அதக் கிழிச்சிருங்க டாக்டர்."

"கிழிக்க முடியாது. அவங்க எழுதுனது அப்படியே இருக்கணும்." அவர் தாளின் கீழ்ப்பாதியைப் பார்த்தார். அங்கே இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து, "இது தவறு" என்று எழுதி, நான் சொன்ன நேரங்களையும் நடந்ததையும் நான்கு வரியில் எழுதினார். கடைசி வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"உங்க முழுப் பேரு?"

சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடி சொன்னேன்.